கில் மைனஸ் நைன்: ஒரு பழக்கத்தின் பூர்வீகம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ராத்திரி ஷிப்ட் சப்போர்ட் வேலை பார்த்தவர்கள் யாரிடமாவது பேசிப் பாருங்கள். லேத் பட்டறைக்கும் பவுடர் கோட்டிங் கம்பெனிக்கும் நடுவில் கண்ணாடி பதித்து நிற்கும் அந்த ஐடி கட்டிடங்களில், ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு ஜாப் நகராமல் மாட்டிக்கொண்டு நின்றால் பக்கத்து சீட்டிலிருந்து வரும் முதல் யோசனை என்ன தெரியுமா? "கில் மைனஸ் நைன் அடிச்சு விடு மச்சி." லாக் பார்ப்பது, யார் ஓட்டினார்கள் என்று விசாரிப்பது எல்லாம் அப்புறம். முதலில் 9.

இது சோம்பேறித்தனம் என்று சீனியர்கள் திட்டுவார்கள். பாதி உண்மைதான். மீதிப் பாதிக்குப் பின்னால் ஐம்பது வருஷக் கதை ஒன்று இருக்கு. யுனிக்ஸில் சிக்னல் என்கிற சமாச்சாரம் எப்படி முளைத்து, எங்கெங்கே கோணலாகி, எப்போது நிமிர்ந்தது என்கிற கதை. இதில் எனக்குப் பிடித்த விஷயம், இந்தக் கதையைப் பார்க்க மியூசியத்துக்குப் போக வேண்டாம். பத்து வரி ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினால் உங்கள் பொட்டியிலேயே 1975ம் 1979ம் எட்டிப் பார்க்கும். அதனால் இந்தப் பதிவில் வரலாறும் சோதனையும் கலந்துதான் வரும்.

தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்கு யுனிக்ஸில் பிராசஸ் என்று பெயர். அதை வெளியிலிருந்து தட்டிச் சொல்லும் ஒரு எண்தான் சிக்னல். கடிதம் கிடையாது, விளக்கம் கிடையாது, வெறும் எண். ஃபேக்டரி சங்கு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்கு ஊதியதும் ஒருத்தர் மெஷினை நிறுத்தி, துடைத்து, டூலை எடுத்து வைத்துவிட்டுக் கிளம்புவார். இன்னொருத்தர் காதிலேயே வாங்காமல் ஓவர்டைம் பார்ப்பார். மூன்றாவது ஆள் எது எப்படிக் கிடந்தாலும் அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். பிராசஸுக்கும் இந்த மூன்று வழிதான். சிக்னலைப் பிடித்து ஏதாவது செய்யலாம், கண்டுகொள்ளாமல் விடலாம், ஒன்றுமே சொல்லி வைக்கவில்லை என்றால் கெர்னல் விதித்தபடி நடக்கும் (பெரும்பாலும் சாவுதான்).

ரெண்டே ரெண்டு சிக்னலுக்கு இந்தச் சலுகை இல்லை. ஒன்று ஆளை நின்ற இடத்திலேயே உறைய வைக்கும் ஸ்டாப். இன்னொன்று நம்ம 9, சிக்கில். அது சங்கே இல்லை, ஆளைத் தூக்கி கேட்டுக்கு வெளியே போடுவது. மெஷினைத் துடைக்கவெல்லாம் நேரம் கிடையாது. (சிக்கில் என்பதை தமிழில் எழுதினால் சிக்கலுக்கு ஒரு மேல்விலங்குதான் வித்தியாசம். தற்செயல்தான், இருந்தாலும் பொருத்தம் :-))

சரி, கதைக்கு வருவோம்.

1971 நவம்பர் 3 என்று தேதியிட்ட யுனிக்ஸ் முதல் பதிப்பின் கையேடு இன்றும் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் கிடைக்கிறது. கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் பெல் லேப்ஸில் எழுதியது. அதைப் புரட்டினால் சிக்னல் என்று ஒரு சிஸ்டம் கால் இருக்காது. இன்டரப்டைப் பிடிக்க ஒன்று, க்விட்டைப் பிடிக்க இன்னொன்று, மெஷின் தவறான ஆணையில் இடறினால் பிடிக்க வேறொன்று என்று தனித்தனியாக இருக்கும். ஒவ்வொரு தேவை வந்தபோதும் ஒவ்வொரு ஜன்னல் வைத்துக் கட்டிய வீடு மாதிரி. 1972ல் ரெண்டாம் பதிப்பில் கில் வந்தது. பெயருக்கேற்ற வேலை: கொல்வது. அவ்வளவுதான். 1973ல் நான்காம் பதிப்பில்தான் எல்லா ஜன்னலையும் ஒன்றாக்கி சிக்னல் என்ற ஒரே சிஸ்டம் கால் ஆக்கினார்கள். ஐந்தாம் பதிப்பில் கில் எந்தச் சிக்னலையும் அனுப்பக் கற்றுக்கொண்டது. வேலை மாறிய பிறகும் பெயர் மாறவில்லை. இன்றைக்கும் ஒரு பிராசஸிடம் "உன் கான்ஃபிக் ஃபைலை மறுபடி படிச்சுக்கோப்பா" என்று அன்பாகச் சொல்வதற்கும் கில் என்றுதான் அடிக்கிறோம்.

இப்போது முக்கியமான இடம். 1975ல் வந்த ஆறாம் பதிப்பு. பல்கலைக்கழகங்களுக்குப் பரவலாகப் போய்ச் சேர்ந்த யுனிக்ஸ் இதுதான். ஆஸ்திரேலியாவில் ஜான் லயன்ஸ் 1977ல் வரிக்கு வரி உரை எழுதியதும் இந்தப் பதிப்பின் கெர்னலுக்குத்தான். அதில் கில் கமாண்டுக்கு எண் எதுவும் கொடுக்காமல் வெறும் பிராசஸ் நம்பரை மட்டும் கொடுத்தால் என்ன அனுப்பும்?

9.

ஆமாம். வெறும் கில் என்றாலே கில் மைனஸ் நைன்தான். ஏனென்றால் அன்றைக்கு 15 என்ற சிக்னலே கிடையாது, பட்டியல் 13ல் முடிந்துவிடும். ஹேங்கப், இன்டரப்ட், க்விட் என்று இருந்தவை எல்லாம் டெர்மினலில் இருந்து வருபவை. "வேலையை முடிச்சிட்டுக் கிளம்பு" என்று ஒரு பிராசஸிடம் மரியாதையாகச் சொல்வதற்கென்றே ஒரு எண் இல்லை. 1979ல் ஏழாம் பதிப்பின் கையேட்டில்தான் 15, சிக்டெர்ம், எட்டிப் பார்க்கிறது. கில் கமாண்டின் வழக்கமான சிக்னலும் அப்போதுதான் 15 ஆக மாறியது. கூடவே, 15ஐப் பிடித்து வைத்துக்கொண்டு சாக மறுக்கும் பிராசஸுக்கு 9 போட்டால் நிச்சயம் என்று அந்தக் கையேடே சொல்லிக் கொடுக்கிறது. அந்த ஒரு வாக்கியம் புத்தகம் புத்தகமாக, லேப் லேபாக இறங்கி வந்துவிட்டது என்பது என் எண்ணம். நம்மூர் ஆட்கள் அதில் முன்பாதியை மறந்துவிட்டு பின்பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

ஏன் முன்பாதி மறந்துபோனது? அதற்குத்தான் முதல் சோதனை.

ஒரு ஸ்கிரிப்ட் எழுதுங்கள். மூன்றே வரி. முதல் வரியில் ட்ராப் போட்டு, டெர்ம் சிக்னல் வந்தால் "வந்தது, கிளம்புகிறேன்" என்று திரையில் எழுதிவிட்டு எக்ஸிட் ஆகச் சொல்லுங்கள். ரெண்டாவது வரி ஸ்லீப் 60. மூன்றாவது வரி "வேலை முடிந்தது" என்று எக்கோ. ஒரு விண்டோவில் இதை ஓட்டிவிட்டு, இன்னொரு விண்டோவில் இருந்து அதன் நம்பருக்கு வெறும் கில் அடியுங்கள்.

ஒன்றும் நடக்காது. மறுபடி அடியுங்கள். அப்போதும் ஒன்றும் நடக்காது. ராத்திரி ரெண்டு மணி, கிளையன்ட் போனில் இருக்கிறான் என்றால் இந்த இடத்தில் கை தானாக 9க்குப் போகும். போகாமல் பொறுமையாக உட்கார்ந்தால், அறுபது விநாடி முடிந்ததும் "வந்தது, கிளம்புகிறேன்" என்று சமர்த்தாக எழுதிவிட்டுப் போகும். "வேலை முடிந்தது" வராது. ஆக, சிக்னல் போய்ச் சேர்ந்திருக்கு. ஷெல் அதைக் குறித்தும் வைத்திருக்கு. ஆனால் தான் முன்னால் ஓடவிட்ட கமாண்ட் முடியும் வரை ட்ராப்பைத் தொடாது. இது பக் இல்லை, ஷெல்லின் விதியே இதுதான். ஷெல் செவிடு என்று நாம் முடிவு கட்டிய எத்தனையோ ராத்திரிகளில் அது பிள்ளைக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

இப்போது அதே ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டி, இந்தத் தடவை 9 போடுங்கள். ஷெல் உடனே காலி. பிறகு பிஎஸ் போட்டுப் பாருங்கள். ஸ்லீப் இன்னும் உயிரோடு இருக்கும்! அப்பன் போய்விட்டதால் அதை 1ஆம் நம்பர் பிராசஸ் (அல்லது அதன் இடத்தில் இருக்கும் ஒன்று) தத்து எடுத்திருக்கும். நீங்கள் கொன்றது மேஸ்திரியை. கொத்தனார் இன்னும் சுவர் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

ஸ்லீப் என்பதால் சிரித்துவிட்டுப் போகலாம். அந்த இடத்தில் டேட்டாபேஸில் பில் ஏற்றும் புரோகிராம் இருந்தால்? நான் ஆணி பிடுங்கிய ஒரு கம்பெனியில் (பெயர் வேண்டாமே) ஒரு மாதக் கடைசி ராத்திரி இதுதான் நடந்தது. வெளியே சுற்றியிருந்த ஸ்கிரிப்டுக்கு யாரோ 9 போட்டார்கள், "செத்துப்போச்சு" என்று உறுதி செய்துகொண்டு ஜாபை மறுபடி கிளப்பினார்கள். உள்ளே பழைய லோடர் சாகவில்லை. ரெண்டு லோடர், ஒரே டேபிள். காலையில் பாதி கஸ்டமருக்கு ரெண்டு பில். அதைப் பிரித்தெடுக்க ரெண்டு நாள் ஆச்சு. மீட்டிங்கில் நெட்வொர்க் பிரச்சினை என்று எழுதி மூடினார்கள். அது தனிக் கதை.

கன்ட்ரோல்-சி அடித்தால் மட்டும் எப்படி ஷெல், ஸ்லீப் ரெண்டும் சேர்ந்து போகிறது என்று கேட்பீர்கள். டெர்மினலில் இருந்து வரும் சிக்னல் ஒரு பிராசஸுக்கு வருவதில்லை, முன்னால் ஓடும் மொத்தக் குழுவுக்கும் வருகிறது. கில் நீங்கள் கொடுத்த ஒரு நம்பருக்கு மட்டும் போகிறது. இதைச் சரிசெய்ய வேண்டுமானால் ஸ்லீப்பை & போட்டுப் பின்னால் அனுப்பிவிட்டு, அடுத்த வரியில் வெயிட் போடுங்கள். வெயிட்டில் உட்கார்ந்திருக்கும் ஷெல் சிக்னல் வந்தவுடன் எழுந்துவிடும். ட்ராப்புக்குள்ளேயே பிள்ளைக்கும் ஒரு கில் அனுப்பிவிட்டு எக்ஸிட் ஆகலாம். நாலு எழுத்து மாற்றம், ராத்திரித் தூக்கம் மிச்சம்.

ரெண்டாவது சோதனை இன்னும் வேடிக்கை. இதற்கு முன் ஆறாம் பதிப்பின் கெர்னலுக்குள் ஒரு எட்டுப் பார்க்க வேண்டும். அதில் ஒரு பிராசஸுக்கு வந்து, இன்னும் கவனிக்கப்படாத சிக்னலைக் குறித்து வைக்க ஒரே ஒரு இடம்தான். ஒரு எண் மட்டும் உட்காரும் இடம். இன்டரப்ட் வந்து காத்திருக்கும்போது ஹேங்கப் வந்தால் இன்டரப்ட் அழிந்து ஹேங்கப் உட்காரும். ஏற்கெனவே 9 உட்கார்ந்திருந்தால் மட்டும் வேறு எதுவும் அதை எழுப்ப முடியாது. டீக்கடையில் ஒரே ஸ்டூல், கடைசியாக வந்தவனுக்குத்தான் இடம், பேட்டை ரவுடி உட்கார்ந்துவிட்டால் மட்டும் யாரும் கிட்டே போக முடியாது என்கிற மாதிரி. ஏழாம் பதிப்பில் இதை மாற்றி ஒவ்வொரு சிக்னலுக்கும் ஒரு பிட் என்று ஒதுக்கினார்கள். ஆளுக்கொரு ஸ்டூல். வேறு வேறு சிக்னல்கள் இனி ஒன்றையொன்று அழிக்காது. ஆனால் ஒரே சிக்னல் நூறு தரம் வந்தாலும் ஸ்டூல் ஒன்றுதான்!

அது இன்றைக்கும் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்போம். ஒரு ஸ்கிரிப்ட்: யூசர்-1 சிக்னல் வந்தால் கவுண்டரில் ஒன்று கூட்டி எழுது என்று ட்ராப், பிறகு முடிவில்லாத லூப்பில் ஒரு விநாடி ஒரு விநாடியாக ஸ்லீப். இதை ஓட்டிவிட்டு இன்னொரு விண்டோவில் முதலில் ஸ்டாப் சிக்னல் அனுப்பி உறைய வையுங்கள். பிறகு ஃபார் லூப்பில் யூசர்-1 சிக்னலை நூறு தரம் அனுப்புங்கள். கடைசியில் கன்டின்யூ அனுப்பி எழுப்புங்கள். கவுண்டர் என்ன காட்டும் என்று நண்பர்களிடம் பந்தயம் கட்டலாம். நூறு என்பான் ஒருத்தன், பூஜ்யம் என்பான் இன்னொருத்தன். காட்டுவது 1. லினக்ஸிலும் பழைய வகைச் சிக்னல்கள் எல்லாம் இந்த ஒற்றை பிட் கணக்குதான். வரிசையில் நின்று ஒவ்வொன்றாகப் போய்ச் சேரும் ரியல்-டைம் சிக்னல்கள் 1993ல் போசிக்ஸ் தரத்தில் தனியாகச் சேர்ந்தன. சிக்னலை வைத்து எண்ணிக்கை எடுக்க நினைக்கும் எந்த ஸ்கிரிப்டும் இந்த இடத்தில் கவிழும்.

இதே சோதனையில் ஒரு துணைச் சோதனை. உறைந்து நிற்கும் பிராசஸுக்கு 15 அனுப்பிப் பாருங்கள். அசையாது. கன்டின்யூ போனால்தான் 15ஐக் கவனிக்கும். யாரோ தெரியாமல் கன்ட்ரோல்-இசட் அடித்துவிட்டு மறந்துபோன ஜாபும் "15க்குச் சாகாத" கேஸ்தான். இதற்கும் மருந்து 9 இல்லை. (கன்ட்ரோல்-இசட் 1980 வாக்கில் பெர்க்லி யுனிக்ஸில் வந்தது. அதன் மூலத்தை எழுதிய ஜிம் குல்ப் ஆஸ்திரியாவில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தவர்.)

இனி இந்தக் கதையின் அசிங்கமான பாகம். ஏழாம் பதிப்பில் ஸ்டூல்கள் கூடினாலும் ஒரு பெரிய ஓட்டை அப்படியே இருந்தது. ஒரு சிக்னலைப் பிடிக்க நீங்கள் ஒரு ஹேண்ட்லர் வைத்தால், அது ஒரே ஒரு தரம்தான் செல்லுபடி. வாசலில் வாட்ச்மேன் வைக்கிறீர்கள். முதல் ஆள் வந்ததும் உள்ளே ஓடி வந்து உங்களிடம் சொல்வார், அந்த நிமிஷமே அவர் வேலை முடிந்தது. மறுபடி நீங்கள் "போய் நில்" என்று சொல்ல வேண்டும். சொல்வதற்குள் ரெண்டாவது ஆள் வந்தால்? வாசலில் யாரும் இல்லை, நேரே உள்ளே வந்து வெட்டிவிட்டுப் போவான். இன்டரப்ட் கீயை வேகமாக ரெண்டு தரம் தட்டினால், ஒழுங்காக ஹேண்ட்லர் எழுதிய புரோகிராமும் சில சமயம் சாகும். சில சமயம் மட்டும், அதுதான் கொடுமை. டெஸ்ட் பண்ணும்போது வராது, டெமோ காட்டும்போது வரும்.

1983ல் பெர்க்லியின் 4.2 பி.எஸ்.டி. இதை அடைத்தது. ஹேண்ட்லர் ஓடும்போது அதே சிக்னல் வெளியே காத்திருக்கும், வாட்ச்மேன் வாசலை விட்டு நகர மாட்டார். ஏ.டி. அண்ட் டி. தன் பங்குக்கு 1986ல் சிஸ்டம் 5 மூன்றாம் வெளியீட்டில் வேறு ஒரு முறையில் அடைத்தது. ரெண்டு கட்சி, ரெண்டு பெயர், ரெண்டு நடத்தை. 1988ல் போசிக்ஸ் தரம் வந்து சிக்ஆக்ஷன் என்று மூன்றாவதாக ஒன்றை வைத்துப் பஞ்சாயத்தை முடித்தது. 80களின் பிற்பகுதியில், 90களில் ஒரு யுனிக்ஸில் இருந்து இன்னொரு யுனிக்ஸுக்கு கோடை மாற்றும் போர்ட்டிங் வேலை பார்த்தவர்களுக்கு இந்தச் சண்டையின் தழும்பு இருக்கும். நாம் ஷெல் எழுதுகிறவர்கள் தப்பித்தோம். ஏழாம் பதிப்போடு ஸ்டீவ் போர்ன் எழுதிய ஷெல், ட்ராப்பை ஒரு தரம் சொன்னால் போதும் என்று வைத்து, மறுபடி மறுபடி வாட்ச்மேனை நிறுத்தும் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. (ஆசை இருப்பவர்கள் சிம்ஹெச் என்ற எமுலேட்டரில் ஏழாம் பதிப்பையே ஓட்டிப் பார்க்கலாம். 2002ல் கால்டெரா கம்பெனி அந்தப் பழைய பதிப்புகளைத் தாராளமான லைசென்ஸில் திறந்துவிட்டது.)

அடுத்து ஹேங்கப். எண் 1. பெயரே போன் பாஷை: ரிசீவரை வைத்துவிட்டான் என்று அர்த்தம். தூரத்து டெர்மினல் போன் லைனில் இணைந்திருந்த காலத்தில், லைன் அறுந்தால் அந்த டெர்மினலில் ஓடிக்கொண்டிருந்தவற்றுக்கெல்லாம் 1 போகும், எல்லாம் சாகும். இன்றைய பசங்களுக்கு இது புராணம். ஆனால் நம்மூரில் இதை அனுபவித்த ஒரு தலைமுறையே உண்டு. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் கொடுக்க ஆரம்பித்தது, நாலு பெருநகரங்களில் மெட்ராஸும் ஒன்று. அதில் ஷெல் அக்கவுண்ட் என்று ஒரு வகை. படம் கிடையாது, எழுத்து மட்டும். மோடம் போட்டு டயல் செய்தால் நீங்கள் போய் நிற்பது வி.எஸ்.என்.எல்.லின் ஒரு யுனிக்ஸ் மெஷினில். "ஜியாஸ்எம்டி01" என்று வரும் ஈமெயில் முகவரி வைத்திருந்தவர்களைக் கேளுங்கள், கண் கலங்குவார்கள். ஆவடியிலோ பூந்தமல்லியிலோ ஒரு மழை பெய்து லைனில் கரகரப்பு ஏறினால் போதும், பாதி டைப் அடித்த கடிதத்தோடு தொடர்பு அறுந்துவிடும். அந்தப் பக்கம் உங்கள் ஷெல்லுக்குக் கிடைத்தது இந்த 1தான். யுனிக்ஸ் என்றால் என்னவென்றே தெரியாத எத்தனையோ பேர் தினம் ஒரு ஹேங்கப் சிக்னலை உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள்.

இதிலிருந்து தப்பத்தான் நோஹப் கமாண்ட். அது செய்யும் மாயம் ரொம்பச் சின்னது. ஹேங்கப்பைக் கண்டுகொள்ளாதே என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு, பிறகு உங்கள் புரோகிராமாக மாறிவிடும். கண்டுகொள்ளாமை என்பது பரம்பரைச் சொத்து, புது புரோகிராமாக மாறினாலும் பிள்ளைக்குப் போனாலும் கூடவே வரும். ஹேண்ட்லர் அப்படி இல்லை. புது புரோகிராம் ஆனதும் அது போய்விடும்.

இந்தப் பரம்பரைச் சொத்தில்தான் மூன்றாவது சோதனை, எனக்கு ரொம்பப் பிடித்ததும் இதுதான். முதல் சோதனையின் திருத்திய ஸ்கிரிப்டை, அந்த வெயிட் போட்டதை, எடுத்து டெர்முக்குப் பதில் இன்டரப்ட் சிக்னலுக்கு ட்ராப் போடுங்கள். கீபோர்டில் இருந்து & போட்டு ஓட்டி, அதற்கு கில் மூலம் இன்டரப்ட் அனுப்புங்கள். ட்ராப் வேலை செய்யும். இப்போது இன்னொரு ஸ்கிரிப்ட் எழுதி, அதற்குள்ளிருந்து முதல் ஸ்கிரிப்டை & போட்டு ஓட்டுங்கள். அதே இன்டரப்ட் அனுப்புங்கள். வேலை செய்யாது. ட்ராப் வரி இருக்கிறது, எழுத்துப் பிழை இல்லை, எர்ரர் இல்லை. ஆனாலும் கல்லு மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும்.

காரணம் ரெண்டு விதி. ஒன்று, ஸ்கிரிப்டுக்குள்ளிருந்து & போட்டு அனுப்பும் எதற்கும் ஷெல் இன்டரப்டையும் க்விட்டையும் கண்டுகொள்ளாதே என்று காதில் ஓதித்தான் அனுப்பும். கன்ட்ரோல்-இசட் எல்லாம் வருவதற்கு முன், ஒரே டெர்மினலில் இருக்கும் எல்லாப் பிராசஸுக்கும் இன்டரப்ட் போய்விடும் என்ற காலத்தில், பின்னால் ஓடும் வேலையைக் காப்பாற்ற வைத்த ஏற்பாடு. ரெண்டு, பிறக்கும்போதே கண்டுகொள்ளாதே என்று ஓதப்பட்ட சிக்னலுக்கு ஸ்கிரிப்டுக்குள் ட்ராப் போட்டாலும் செல்லாது. இல்லையென்றால் நோஹப் போட்டு ஓட்டும் ஸ்கிரிப்ட் உள்ளே ஒரு ட்ராப் வைத்து அதை உடைத்துவிடுமே. 1979ல் போர்ன் ஷெல்லில் இருந்த இந்தப் பழக்கம், போசிக்ஸில் விதியாக எழுதப்பட்டு இன்றைய பாஷிலும் இருக்கிறது. "என் டெஸ்க்கில் ஓடுச்சு, சர்வர்ல ஓடலை" என்ற சண்டைகளில் சிலவற்றுக்கு மூலம் இதுதான். ட்ராப் டெஸ்ட் செய்கிறவர்கள் கீபோர்டில் இருந்து மட்டும் டெஸ்ட் செய்தால் பாதி டெஸ்ட்தான்.

நோஹப் காலம் முடிந்துவிட்டதா என்றால் இல்லை. 2016ல் சிஸ்டம்டி 230ஆம் பதிப்பு, லாக்-அவுட் ஆனதும் அந்த யூசரின் மிச்சப் பிராசஸ்களை எல்லாம் கொன்றுவிடுவதை வழக்கமாக்கியது. நோஹப் போட்டதும் தப்பவில்லை. பெரிய கூச்சல் கிளம்பி டெபியன் முதலானவர்கள் அந்த அமைப்பை அணைத்து வைத்தார்கள்.

கரண்ட் கட்டைச் சொல்லாமல் அம்பத்தூர்க்காரன் சிக்னல் பற்றி எழுதினால் சாமி குத்தம். 2008ல் இருந்து சில வருஷம் தமிழ்நாடு மின்வெட்டில் வெந்தது ஞாபகம் இருக்கும். 2012ல் சென்னைக்குள்ளேயே தினம் ரெண்டு மணி நேரம், வெளி மாவட்டங்களில் அதைவிடப் பல மடங்கு. சின்ன யூனிட்களில் ஒரு பழைய லினக்ஸ் பொட்டியும் ஒரு யு.பி.எஸ்.ஸும் ஸ்டாக் கணக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்த காலம். சிஸ்டம் 5 பரம்பரையில் இதற்கென்றே ஒரு சிக்னல் இருக்கிறது, சிக்பவர். யு.பி.எஸ்.ஸைக் கவனிக்கும் டீமன், கரண்ட் போனதும் 1ஆம் நம்பர் பிராசஸான இனிட்டுக்கு சிக்பவர் அனுப்பும். இனிட் தன் டேபிளில் பவர்ஃபெயில் என்று எழுதியிருக்கும் வரியைத் தேடி ஓட்டும். அது ஷட்டவுனைக் கூப்பிடும். ஷட்டவுன் எல்லோருக்கும் முதலில் 15, சில விநாடி இடைவெளி, மிச்சம் இருப்பவர்களுக்கு 9. முழுச் சங்கிலியும் ஷெல் ஸ்கிரிப்ட்களால் கோர்க்கப்பட்டது. பேட்டரி தாங்கும் பத்து நிமிஷத்துக்குள் டேட்டாபேஸ் 15ஐ மதித்து மூடிக்கொண்டால் மறுநாள் கணக்கு சரியாக வரும். இதைச் சோதிக்க யு.பி.எஸ். ப்ளக்கைப் பிடுங்குகிற தைரியம் யாருக்கும் வந்து நான் பார்த்ததில்லை. நிஜ மின்வெட்டுதான் பரீட்சை. சிஸ்டம்டி வந்த பிறகு 15க்கும் 9க்கும் நடுவில் வழக்கமான பொறுமை 90 விநாடி.

டாக்கர் 2013ல் வந்தபோது இந்தப் பழைய கதை முழுவதும் புதுச் சட்டை போட்டு வந்தது. கன்டெய்னருக்குள் முதலில் ஓடும் பிராசஸுக்கு நம்பர் 1. லினக்ஸ் கெர்னல் 1ஆம் நம்பருக்கு ராஜமரியாதை கொடுக்கும். அது ஹேண்ட்லர் வைக்காத சிக்னல் எதுவும் அதைத் தொடாது, 15 உட்பட. வெளியிலிருந்து வரும் 9ம் ஸ்டாப்பும் மட்டும் விதிவிலக்கு. நாம் வழக்கம்போல ஒரு ஷெல் ஸ்கிரிப்டை 1ஆம் நம்பராக உட்கார வைக்கிறோம். டாக்கர் ஸ்டாப் 15 அனுப்பும், வழக்கமாகப் பத்து விநாடி பார்க்கும், பிறகு 9. குபெர்னெட்டீஸ் என்றால் முப்பது விநாடி.

முதல் சோதனையின் ஸ்கிரிப்டை மூன்று விதமாகக் கன்டெய்னரில் போட்டு, கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொள்ளுங்கள். ட்ராப்பே இல்லாமல்: பத்து விநாடி. ட்ராப் வைத்து, ஸ்லீப் முன்னால் ஓடினால்: அப்போதும் பத்து விநாடி, ஷெல் பிள்ளைக்காகக் காத்திருக்கும். ஸ்லீப்பைப் பின்னால் அனுப்பி வெயிட் போட்டால்: உடனே நிற்கும். ஸ்கிரிப்டின் கடைசி வரி நிஜ சர்வரைக் கிளப்புவதாக இருந்தால் அதன் முன்னால் எக்ஸெக் என்று சேர்த்துவிடுங்கள், ஷெல் விலகி அந்த சர்வரே 1ஆம் நம்பர் ஆகி 15ஐ நேரடியாக வாங்கிக்கொள்ளும். முதல் ரெண்டு கேஸில் கன்டெய்னரின் எக்ஸிட் கோட் 137 என்று வந்திருக்கும். 128 கூட்டல் 9. அந்த 128ஐக் கூட்டும் வழக்கமும் 1979ல் வந்த போர்ன் ஷெல்லில் இருந்ததுதான்.